முதற் பொறுப்பு

(நமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆண்டு விழாவில் எம்மைப் பேசும்படி செயலாளர் கேட்டபோது, பொருளைத் தெரிவு செய்யும் பொறுப்பை எம்மிடமே விட்டுவிட்டார். சமயத்தையும் இலக்கியத்தையும் பற்றி எம்மைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். ஆதலால் அவற்றை அவர்களுக்கு விட்டு, சில மாதங்களாக எமது மனத்தில் முள்ளைப்போலத் தைத்துக்கொண்டிருக்கும் ஒரு காரியத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

எமக்குத் தெரிந்த ஓர் இளைஞர். பெயர் வேண்டாம். லயத்தில் பிறந்து, படித்து, மாத்தளை நகரில் ஒரு வேலைத்தலத்தில் எட்டு ஆண்டுகள் கைசுத்தமாக உழைத்தவர். அவரை மேற்பார்வையாளராக உயர்த்தினார்கள். அவருக்குக் கீழே பன்னிரண்டு பேர். செய்தி கேட்ட அவருடைய தாயார் முத்துமாரியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்வித்து, பிரசாதத்தை எமது வீட்டுக்கும் கொண்டுவந்து தந்தார். நான்காம் மாதம் அந்தப் பிள்ளை தமது பழைய வேலையையே திருப்பித் தரும்படி கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டோம். "வேலை கஷ்டமில்லீங்க ஐயா. பகல் சாப்பாட்டுக்கு யாரும் என் பக்கத்தில உட்காருறதில்ல" என்றார்.

இதைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். நாம் சிரிக்கவில்லை. நமது மாவட்டத்தில் இன்று வங்கியிலும், பாடசாலையிலும், தோட்டத்திலும், தைத்த ஆடைத் தொழிற்சாலையிலும், தம்புள்ளைச் சந்தையின் கடைகளிலும் நமது பிள்ளைகள் முதன்முறையாகப் பொறுப்பான ஆசனங்களில் அமர்கிறார்கள். பலருடைய குடும்பத்தில் அப்படி அமர்ந்தவர் அவருக்கு முன் எவரும் இல்லை. எப்படி அமர்வது என்று கேட்பதற்கு அப்பனும் இல்லை, பாட்டனும் இல்லை. ஒரு பிள்ளை நான்காம் மாதத்தில் எழுந்து போய்விட்டால் அந்த ஆசனம் நம்மை விட்டுப் போய்விடுகிறது. "அவங்களுக்கு அதெல்லாம் சரிவராது" என்ற பேச்சு மாத்திரம் நம்மோடு தங்கிவிடுகிறது.

உத்தியோக உயர்வு என்பது என்ன? ஒரு வேலையை நன்றாகச் செய்தவரிடமிருந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டு, அவர் இதுவரை செய்தே இராத வேறொரு வேலையைக் கையில் கொடுப்பதுதான். இதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. சம்பளமும் பெயரும் மாறியதாகவே அவர் நினைக்கிறார். வேலையே மாறிவிட்டது என்பது தெரிவதில்லை. 1969 இல் லோரன்ஸ் பீட்டர், ரேமண்ட் ஹல் என்ற இருவர் வேடிக்கையாக எழுதிய ஒரு நூல் உலகமெங்கும் பேசப்பட்டது. திறமைசாலியை உயர்த்துகிறார்கள், மேலும் உயர்த்துகிறார்கள், அவருக்குத் திறமையில்லாத படியில் வந்து நின்றதும் உயர்த்துவதை நிறுத்திவிடுகிறார்கள், ஆகவே ஒவ்வோர் ஆசனத்திலும் ஈற்றில் அந்த ஆசனத்துக்கு உதவாதவரே மிஞ்சுகிறார் என்பது அவர்களுடைய கட்சி. அது பரிகாசம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம். ஆனால் 2019 இல் அமெரிக்கப் பொருளியலாளர் மூவர், விற்பனையாளர்களின் கணக்குகளை எடுத்துப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதிகமாக விற்றவரே அதிகமாக உயர்த்தப்பட்டார். ஆயினும் அவர் மேலாளரான பின் அவருக்குக் கீழிருந்தவர்களின் விற்பனை குறைந்தது. பரிகாசத்துக்குள்ளே உண்மையும் இருந்திருக்கிறது.

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நமது மலையில் கொழுந்து நிறைய எடுப்பவரைப் பாருங்கள். அவருடைய விரல்கள் மரத்தின் மேலே பறக்கும். அவரிடம் பத்துப் பேரை ஒப்படைத்தால் முதல் நாள் என்ன செய்வார்? மெதுவாக எடுப்பவளுடைய நிரையில் தாமே போய் நின்று, "தள்ளு, நான் எடுக்கிறேன்" என்பார். அன்று அந்த நிரை முடிந்துவிடும். அவள் கற்றுக்கொள்வதும் அன்றோடு முடிந்துவிடும். மற்ற ஒன்பது பேர் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க ஆள் இராது.

இது பிறர் கதையன்று. நாமும் இதே குழியில் விழுந்தவர்களே.

பல ஆண்டுகளுக்கு முன், இளவயதில், ஒரு தோட்டத்தில் கொழுந்து நிறுப்பதும் பண்டகசாலையும் எமது பொறுப்பில் விடப்பட்டன. தோட்டத்தின் பெயர் இங்கே தேவையில்லை. பிழை தோட்டத்தினுடையதன்று, எம்முடையது. எம்மோடு சேர்ந்து வளர்ந்த ஒரு நண்பர் அங்கே வேலை செய்தார். ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பராவில் பிறந்தவர்கள் நாங்கள். பொறுப்புக் கிடைத்ததும் நாம் எல்லாவற்றையும் எமது கையாலேயே செய்யத் தொடங்கினோம். தராசும் நாமே, செக்ரோலும் நாமே, பண்டகசாலைத் திறப்பும் எமது இடுப்பிலேயே. பிறர் செய்தால் பிழைத்துவிடும் என்ற எண்ணம். உண்மையில் பிறர் செய்து சரியாக வந்துவிட்டால் நமக்கு என்ன வேலை என்ற பயம்.

கொழுந்து மிகுந்த ஒரு மழைக்காலம். மாலையில் கொழுந்து மடுவத்தில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. பிள்ளை மடுவத்திலிருந்து குழந்தைகளை எடுக்க வேண்டிய தாய்மார் நனைந்தபடி கூடையோடு காத்திருக்கிறார்கள். இருட்டிக்கொண்டு வருகிறது. நாம் ஒருவராகவே நிறுத்து, ஒருவராகவே எழுதிக்கொண்டிருந்தோம். அந்த நண்பர் முன்னே வந்து, "நான் எழுதுறேன், நீ நிறு, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றார். எல்லோரும் கேட்கும்படி நாம் சொன்ன மறுமொழி இது: "நீ உன் வேலையைப் பார்."

அந்தக் குரல் எம்முடையதன்று, அன்பர்களே! அப்படி நாம் வீட்டிலும் பேசியதில்லை, விளையாட்டிலும் பேசியதில்லை. எமது தகப்பனார் பிரட்டுக்களத்தில் நின்று கேட்ட குரல் அது. எமது வாய்க்குள் எப்போது வந்து உட்கார்ந்தது என்று தெரியாது. அதிகாரம் கிடைத்தவுடன் தானாக வெளியே வந்தது.

பிறகு என்ன நடந்தது? சண்டை ஒன்றும் வரவில்லை. யாரும் முறைப்பாடு செய்யவில்லை. எல்லோரும் சொன்னதைச் செய்தார்கள். சொன்னதை மாத்திரம் செய்தார்கள். மடுவத்தில் பேச்சு நின்றது. நாமும், "ஆகா, நம்மிடம் பயம் வந்துவிட்டது, இனி நிர்வாகம் ஒழுங்காக நடக்கும்" என்று மகிழ்ந்தோம். மூன்றாம் வாரம் பண்டகசாலைக் கூரைத் தகரம் ஒன்று விலகி, உரமூட்டைகள் நனைந்து கட்டியாகிப் போயின. அந்தத் தகரம் விலகியிருப்பது ஐந்து பேருக்கு முன்னமே தெரியும் என்று பின்னர் அறிந்தோம். ஒருவரும் எமக்குச் சொல்லவில்லை. அவரவர் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாம்தானே அப்படிச் சொன்னோம்!

வேலையிலிருந்து ஓய்ந்திருந்த ஒரு பழைய கங்காணி எம்மைத் தமது வாசலில் இருத்தித் தேநீர் கொடுத்துச் சொன்னார்: "தம்பி, ஆளுங்க சத்தம் போட்டா பயப்படாதீங்க. பேசாம இருந்தாத்தான் பயப்படணும்." நிர்வாகத்தைப் பற்றிப் பின்னாளில் சில புத்தகங்களை வாங்கிப் படித்தோம். அந்தக் கிழவர் ஒரு கோப்பைத் தேநீரோடு தந்ததைவிட அதிகமாக அவற்றில் நாம் கண்டது கொஞ்சமே.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் நமது இளைஞர் ஆசனத்தில் அமரும்போது அது அவர்களுக்கு முன்பே போய் அமர்ந்திருக்கிறது.

நமது ஊர் இந்தக் கதைக்கு வெளியே நின்ற ஊரன்று. புகையிரதம் 1880 இல் மாத்தளைக்கு வந்தது. அதற்கு முன்னரே, கோப்பிக் காலத்தில், தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே நடந்து, தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து வந்து சேர்ந்த மலைவாசல் மாத்தளை. அந்த வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் மாண்டவர் பலர். கூட்டத்துக்கு முன்னே நடந்தவர் கங்காணி. பெரும்பாலும் அவரும் அதே ஊரார், சில வேளைகளில் உறவினர். கடன் கொடுத்து அழைத்து வந்தவரும் அவரே. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் தோட்டத்திடமிருந்து தலைக்காசு வாங்கியவரும் அவரே. நோய் வந்தால் ஓடி வருவார், கலியாணத்தில் முன்னிற்பார். கடனையும் அவரே எழுதிக்கொள்வார். அந்தக் கடனைத் தீர்த்தால்தான் கங்காணியும் அவருடைய ஆட்களும் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்று எழுதிய சீட்டுக்குத் துண்டு என்று பெயர். 1921 இல் சட்டத்தின் மூலம் அதை ஒழிக்க வேண்டியிருந்தது. கங்காணிமாரின் கோட்டும் தலைப்பாகையும் குடையும் பிரம்பும் நமது கதைகளிலும் பாட்டுகளிலும் இன்னும் நடமாடுகின்றன. பெரிய கங்காணி ஒருவரின் பேரனான சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மனிதரை நல்லது கெட்டது இரண்டோடும் எழுதி 1970 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலை நமது வாலிபர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

கண்காணி என்ற சொல்லே கங்காணி என்று மருவியது. பெயரிலேயே கண் இருக்கிறது. காதுக்கு அதில் இடமில்லை.

கங்காணிக்கு மேலே கணக்கப்பிள்ளை, அவருக்கு மேலே துரை. சீமையிலிருந்து வந்த இளைஞர் சின்னத்துரையாகப் பழகும்போது முதலில் தமிழ் கற்க வேண்டும். அவர்களுக்காகக் கொழும்பில் பெர்குசன் என்பவர் கைக்கு அடக்கமான ஒரு சிறு தமிழ் வழிகாட்டியை வெளியிட்டார். அந்த நூலுக்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? "இங்கே வா"! ஆயிரம் ஆண்டு இலக்கியமுள்ள ஒரு மொழியிலிருந்து ஆட்சி செய்வதற்கு அவர்களுக்கு முதலில் தேவைப்பட்ட வார்த்தைகள் அந்த இரண்டுதான். "வாங்க" என்றுகூட அல்ல.

அந்தத் துரைமார் போய்விட்டார்கள். நடேசய்யர் 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் அமைத்த பின், கங்காணியின் சொல்லே சட்டம் என்ற காலம் சிறிது சிறிதாகக் கழிந்தது. தோட்டங்கள் 1970களில் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1992 இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. இத்தனையும் மாறிய பிறகும் "இங்கே வா" மாறவில்லை. இன்று அதைச் சொல்பவர் சில இடங்களில் நமது பிள்ளையே. அவர் கெட்டவரல்லர். அதிகாரம் என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு அவர் கண்ட ஒரே மாதிரி அதுதான். எட்டு வருடம் நண்பராக இருந்தவர் ஒரே நாளில் அந்தக் குரலை எடுத்தால், பகல் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் யார் உட்காருவார்?

"அப்படியானால் நண்பனாகவே இருந்துவிடலாமே, எல்லோரையும் அனுசரித்துப் போகலாமே" என்று சிலர் கேட்கலாம். அதுவும் ஆகாது. நாம் அதையும் செய்து பார்த்தோம். உரமூட்டை நனைந்த பிறகு வெட்கப்பட்டு, ஒரு மாதம் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பிந்தி வந்தவரும் நேரத்துக்கு வந்தவரும் ஒன்றானார்கள். நேரத்துக்கு வந்தவர்கள்தான் முதலில் எம்மை வெறுத்தார்கள். தளர்ந்த நிர்வாகத்தில் நஷ்டப்படுபவர் எப்போதும் ஒழுங்கானவரே.

பிறகு எப்படித்தான் நடப்பது? நாம் பட்டும் பார்த்தும் அறிந்ததைச் சொல்கிறோம்.

பொறுப்பை ஏற்கும் முன்னிரவே, நேற்றுவரை தோளோடு தோள் நின்ற நண்பரின் வீட்டுக்குப் போங்கள். மறுநாள் வேலைத்தலத்தில் பேசுவது வேறு, வீட்டில் பேசுவது வேறு. "நாளையிலிருந்து உன் வேலையை நான் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும், சில வேளை உனக்குப் பிடிக்காததையும் சொல்ல வேண்டியிருக்கும், மற்றவனுக்கு இல்லாத சலுகை உனக்கும் இராது" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அவர் தாமாக ஒன்றை எதிர்பார்ப்பார், நீங்கள் தாமாக ஒன்றை எதிர்பார்ப்பீர்கள். அடுத்ததாக, அந்தப் பதவி தமக்கே கிடைக்கும் என்று காத்திருந்த மூத்தவர் ஒருவர் அநேகமாக எல்லா இடத்திலும் இருப்பார். அவரை விட்டு ஒதுங்காதீர்கள். அவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது. "அண்ணே, இதை எப்படிச் செய்தீங்க?" என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேளுங்கள். முகத்துதிக்காகக் கேட்டால் அவர் கண்டுகொள்வார்; வயது அதற்குத்தானே!

முதல் மாதத்தில் எதையும் தலைகீழாக மாற்ற வேண்டாம். ஆனால் எல்லோருக்கும் நோகும் ஒரு சிறு காரியம் எங்கும் இருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள். எமது மடுவத்தில் அது தராசாக இருந்தது. கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் நிறையில் கழிக்கும்போது எவ்வளவு கழிக்கிறோம் என்பதை நாம் சொல்வதில்லை. காலமெல்லாம் சொல்லாமல்தான் கழித்து வந்தார்கள். ஒரு திங்கட்கிழமை தராசின் முகத்தைக் கொழுந்து கொண்டு வருபவர்கள் பக்கம் திருப்பி வைத்தோம். கழிப்பதைச் சத்தமாகச் சொல்லி எழுதினோம். கழித்த அளவில் மாற்றம் செய்ய எமக்கு அதிகாரம் இருக்கவில்லை, ஆயினும் அன்றைக்குத்தான் மடுவத்தில் மறுபடி ஒருத்தி எம்மைப் பார்த்து, "கணக்கு சரியா வருதுங்களா?" என்று கேலியாகக் கேட்டாள். அந்தக் கேலி எமக்கு மாலை போட்டதுபோல இருந்தது. எழுதும் வேலையை அந்த நண்பரிடமே கொடுத்தோம். அவருடைய எழுத்து எமது எழுத்தைவிட அழகு என்பது பாடசாலைக் காலத்திலேயே எமக்குத் தெரியும்.

வேலையை ஒப்படைப்பதில் நமது பெரியோருக்கு இருந்த தெளிவு வியப்பானது. திருக்குறளில் 51 ஆம் அதிகாரம் ஆளை ஆராய்ந்து தெளிவது பற்றியது. 52 அவரை வேலையில் ஆள்வது பற்றியது. அதற்கடுத்தது சுற்றத்தைத் தழுவுவது. உடனே 54 ஆவதாகப் பொச்சாவாமை வருகிறது. மகிழ்ச்சியின் மயக்கத்தில் கடமையை மறந்திருப்பது பொச்சாப்பு. அது கூடாது என்கிறார். ஆளைத் தேர்ந்து, வேலையைக் கொடுத்து, எல்லோரும் இணங்கிவிட்டார்கள் என்று நாம் களிக்கும் அந்த இடத்தில்தான் வழுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இந்த நான்கையும் வரிசை தவறாமல் ஒரே இரவில் படித்துப் பார்க்கும்படி புதிதாகப் பதவி ஏற்பவர்களுக்கு நாம் சொல்வதுண்டு.

ஒப்படைப்பது என்பது கைகழுவுவதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவமில்லாத ஆட்கள் திரளாக வந்து சேர்ந்தபோது, மேற்பார்வையாளர்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் விதத்தையே பயிற்றுவிக்க வேண்டியதாயிற்று. போருக்குப் பின் ஜப்பான் அதை ஆவலோடு எடுத்துக்கொண்டது. அந்தப் பயிற்சியில் நான்கு படிகள். கற்பவரின் கூச்சத்தைப் போக்கி அவருக்கு ஏற்கனவே என்ன தெரியும் என்று அறிதல். வேலையைப் பகுதி பகுதியாகச் செய்து காட்டி ஏன் அப்படிச் செய்கிறோம் என்று சொல்லுதல். அவரையே செய்ய வைத்து, செய்யும்போதே அவர் வாயால் விளக்கம் சொல்ல வைத்தல். பிறகு தனியே விட்டு, அடிக்கடி வந்து பார்த்து, வரவரப் பார்ப்பதைக் குறைத்தல். நமது வேலைத்தலங்களில் பெரும்பாலும் இரண்டாம் படியின் பாதி மாத்திரம் நடக்கிறது. "இப்படித்தான், பார்த்துக்கொள்" என்று ஒருமுறை காட்டிவிட்டு, மறுநாள் பிழைத்தால் ஏசுகிறோம்.

ஏசுவது பற்றியும் ஒரு வார்த்தை. பிழையைச் சொல்லியே ஆக வேண்டும். அன்றைக்கே சொல்ல வேண்டும். தனியே சொல்ல வேண்டும். இப்போது கைத்தொலைபேசியில் குழுவென்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அந்தக் குழுவில் முப்பது பேர் பார்க்க ஒருவரைக் கண்டித்து எழுதுகிறார்கள். பிரட்டுக்களத்தில் ஏசினால் பிரட்டுக் கலைந்ததும் பேச்சுக் காற்றோடு போய்விடும். இது அவருடைய மனைவி பிள்ளைகள் எடுத்துப் படிக்கும்படி எழுத்தில் நிற்கிறது. விஞ்ஞானம் வளர்ந்து நமக்குக் கிடைத்தது ஒரு பெரிய பிரட்டுக்களம்!

மேலே உள்ளவர்களோடு நடந்துகொள்வது எளிதன்று. கீழே உள்ளவருக்கு நீங்கள் கம்பனியின் ஆள். கம்பனிக்கு நீங்கள் அந்த ஆட்களின் ஆள். இரண்டு பக்கமும் சந்தேகம் இருக்கும். மேலிடம் முடியாததைக் கேட்டால், "ஆகட்டும் ஐயா" என்று தலையாட்டிவிட்டு வந்து ஆட்களின்மேல் பாய்வதுதான் நமது பழைய வழக்கம். அதற்குப் பதில், எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை மணி நேரம் இருக்கிறது, எவ்வளவு முடியும் என்று ஒரு தாளில் கணக்கெழுதிக்கொண்டு போங்கள். மனத்தாங்கலோடு போனவரைவிடக் கணக்கோடு போனவருக்கு மரியாதை கிடைப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஹாவார்ட் வணிகக் கல்லூரியின் பேராசிரியை லிண்டா ஹில், புதிதாக மேலாளரான 19 பேரை அவர்களுடைய முதல் ஆண்டு முழுவதும் கூடவே இருந்து கவனித்து, 1992 இல் ஒரு நூல் எழுதினார். பதவி வந்தால் இனி நாம் சொல்வதே நடக்கும் என்று எண்ணி வந்தவர்கள் அவர்கள். நடந்தது வேறு. முன்னைவிட அதிகமான பேரை நம்பி நிற்க வேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறோம் என்பதை அவர்கள் சில மாதங்கள் அடிபட்ட பிறகே அறிந்தார்கள். படித்தபோது, பெரிய நாட்டிலும் உரமூட்டைகள் நனைகின்றன என்று எமக்குச் சிறிது ஆறுதலாக இருந்தது.

மாசி மகத்தன்று நமது அம்மனின் ஐந்து தேர்களும் வீதிக்கு வருவதை நீங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறீர்கள். வடம் பிடிப்பவர்களைப் பார்க்கிறோம், தேரின் மேலே நிற்பவர்களைப் பார்க்கிறோம். சில்லின் பக்கத்தில் குனிந்து கட்டை போடுபவரை ஒருமுறை நின்று கவனியுங்கள். அவர் வடத்தைத் தொடுவதில்லை. இழுப்பவர்களைவிட அவர் பலசாலியும் அல்லர். எப்போது கட்டையை வைப்பது, எப்போது எடுப்பது, எந்தப் பக்கம் சிறிது திருப்புவது என்பதிலேயே அவருடைய கண்ணும் காதும் இருக்கும். அவரும் போய் வடத்தைப் பிடித்து இழுத்தால் ஊர்வலத்துக்கு இன்னொரு கை கூடும். தேர் வளைவில் எங்கே போய் முட்டும் என்பதைச் சொல்ல முடியாது.

இனிப் பெரியோர்களுக்கும் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது, கோபிக்கக் கூடாது. நமது பிள்ளை ஒருவர் பதவிக்கு வந்ததும் நாம் அவரிடம் முதலில் கேட்பது என்ன? "என் மகனுக்கு ஓர் இடம் பாருங்க." இரண்டாவதாகத் திருவிழாப் பற்றுச்சீட்டை நீட்டுகிறோம். அவர் விதிப்படிதான் ஆள் எடுக்க முடியும் என்று சொன்னால், "கொழுப்பு வந்திருச்சு, பழசை மறந்திட்டான்" என்கிறோம். மேலிடத்தின் நெருக்கம் ஒரு பக்கம், நமது நெருக்கம் மறுபக்கம். நான்காம் மாதத்தில் எழுந்து போன அந்தப் பிள்ளையை ஒரு நாளாவது நம்மில் ஒருவர் கூப்பிட்டு, "வேலை எப்படிப் போகுது தம்பி?" என்று கேட்டோமா? பிரசாதம் வாங்கிச் சாப்பிட்ட நாமும் கேட்கவில்லை.

அத்தோடு, பொறுப்பைப் பழகும் இடத்தையும் நாம் அடைத்து வைத்திருக்கிறோம். எத்தனை சங்கங்களில், எத்தனை ஆலய சபைகளில் ஒரே செயலாளர் பதினைந்து இருபது வருடமாக இருக்கிறார்! அவர் நல்லவர், நேர்மையானவர், எல்லாம் சரி. ஆனால் கூட்ட அறிக்கை எழுதவும், கணக்குக் காட்டவும், ஒத்துப்போகாத இருவரை ஒரு மேசையில் இருத்தவும் வாலிபர் எங்கே பழகுவது? சம்பளமில்லாத இடத்தில் பிழைத்தால் நஷ்டம் சிறிது. ஒரு பந்தலை ஒருநாள் பிந்திப் போட்டால் வானம் இடிந்து விழாது. அந்தப் பிழையை இங்கே செய்ய விட்டால் அங்கே செய்ய மாட்டார்கள். தோட்டத்துறையில் இருப்பவர்களுக்குத் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் பயிற்சி நெறிகளை நடத்துகிறது. வேறு துறைகளிலும் உண்டு. அவற்றைத் தேடி விண்ணப்பிப்பதற்கு நமது சங்கம் வழிகாட்டலாம். அவற்றைவிட இலகுவானது ஒன்றுண்டு. புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த மண்டபத்தில் கூடி, அந்த மாதம் தாம் பட்டதை ஒருவருக்கொருவர் சொல்லட்டும். பெரியவர்கள் சிலரும் வந்து இருங்கள். கேட்டால் மாத்திரம் பேசுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. மலையில் கொழுந்து எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களை மேற்பார்ப்பவர் பெரும்பாலும் ஆண். கோப்பிக் காலத்திலிருந்து வந்த இந்த வழக்கத்துக்கு இன்றுவரை எமக்கு ஒரு நியாயமும் கிடைக்கவில்லை. கொழுந்து எடுக்கத் தெரிந்தவள் கொழுந்து எடுப்பதைப் பார்க்கவும் தெரிந்தவளே. ஒரு பெண் பிள்ளை மேற்பார்வைக்கு வரும்போது மேலே சொன்ன கஷ்டங்களோடு இன்னொன்றும் சேர்கிறது. அவள் மெதுவாகப் பேசினால் "பயப்படுறா" என்கிறார்கள். உறுதியாகப் பேசினால் "திமிர்" என்கிறார்கள். இந்த இரண்டு சொல்லையும் முதலில் நமது வீடுகளிலேயே நிறுத்த வேண்டும்.

அன்றைக்கு எம்மிடம் "நான் எழுதுறேன், நீ நிறு" என்று சொன்ன நண்பர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். எமது வீட்டுக்கு வருவார், போவார். அந்த மாலையைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை, நாமாகப் பேசி மன்னிப்புக் கேட்டதற்கும் சிரித்துவிட்டு வெற்றிலை கேட்டார். அவருடைய மகள் இந்த ஆண்டு றத்தோட்டைப் பக்கம் ஓரிடத்தில் மேற்பார்வைப் பொறுப்பை ஏற்றாள். முதல் நாளுக்கு முன்னிரவு தொலைபேசியில் எம்மை அழைத்து, "மாமா, நாளைக்கு முதல்ல நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள். அரைமணி நேரம் முந்திப் போகும்படியும், ஆட்கள் வரும் முன் தராசைத் தானே ஒருமுறை பார்த்து, அதன் முகத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைக்கும்படியும் சொன்னோம். "அப்பாவும் அதையேதான் சொன்னாரு" என்றாள்.